சுவரோரம் கலைந்த மை

எனக்கு எழுத்து கோர்வையாக வராது. அஞ்சாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் கொப்பியில் ஒரு பக்கம் 'முருகா' என்று எழுதுவேன். சாதாரணப் பேனாவை அழுத்திப் பிடித்தால் விரல் மடங்கிக்கொண்டு விரியாது. மைப் பேனாவென்றால் அழுத்த வேண்டாம் என்றார்கள். ஹட்டன் டவுனுக்குப் போனேன்.

கடைக்கார நானா மூன்று பேனா எடுத்து வைத்தார். இரும்புப் பேனா அழகுதான், ஆனால் கனத்தில் கையைச் சாய்த்தது. இன்னொன்றின் முனை தாளைக் கீறியது. மூன்றாவது பிளாஸ்டிக், விலையும் குறைவு. முனை கொஞ்சம் மொத்தம், தாளைக் கீறவில்லை. உள்ளே மை எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலேயே தெரிந்தது. எழுதிப் பார்க்கச் சொன்னார். ஆட்கள் நின்றதால் எனக்குக் கூச்சம். சாமி பெயரை எழுதினால் துண்டுத் தாள் காலில் மிதிபடும். அதனால் வட்டம் வட்டமாகப் போட்டேன்.

"எல்லாத்துக்கும் முட்டையாப் போடுறீங்க. டீச்சரா இருந்தீங்களாம்மா?" என்றார் நானா.

கறுப்பு மை தண்ணீர் பட்டாலும் போகாதாம். நீலம் சேலையில் பட்டால் கழுவிவிடலாமாம். நீலத்தையே வாங்கினேன்.

கொஞ்ச நாள் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு காலையில் கொப்பியைத் திறந்தால் முருகன் பெயரெல்லாம் கலங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. மழை பெய்தும் பல நாளாகியிருந்தது. மறுநாள் எழுதிய பக்கமும் அப்படியே ஆனது.

லயத்தில் வரிசையாக உள்ள அறைகளில் எங்களுக்கு அடுத்தது என் நாத்தனாருடையது. கொப்பியைப் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, சாமி பேரு அழியுறது நல்லதுக்கில்ல. அண்ணனுக்குத்தான் ஏதோ காட்டுது."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சோற்றைத் தள்ளி வைத்தார். மேலே கோயிலில் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தோம். மை கலைவது நிற்கவில்லை.

பேனாவை மாற்றித் தரச் சொல்லி, கொப்பியையும் எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு சொட்டும் விழவில்லை. பிறகு கொப்பி அட்டையைத் தடவிப் பார்த்தார். அது துணி மாதிரித் தொய்ந்திருந்தது. எங்கே வைக்கிறேன் என்று கேட்டார். சாமி படத்துக்குக் கீழே, பின்சுவரை ஒட்டின பலகையில் என்றேன். சுவருக்குப் பின்னால் என்ன என்றார். மலைதான் என்றேன்.

நானா கேலி பேசவில்லை. "மழையே இல்லாம சுவரு நனையுதுன்னா மலை எறங்கப் பாக்குதோ என்னவோ, மொதல்ல வீட்டுக்குப் போங்கம்மா."

வந்து பலகையை நகர்த்திக் கை வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது. உள்ளங்கையில் ஈரமும் மண்ணும் ஒட்டியது. பின்னால் மலைத்தண்ணீர் வடியும் கானில் எப்போதும் தெளிவாக ஓடும் தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கி வந்தது.

அவரிடம் சொன்னதும், "என்னைய விட்டுட்டு நீ போ" என்றார் குழறலாக.

லயத்துப் பையன்களைக் கூப்பிட்டேன். நாற்காலியோடு தூக்கி, பகலில் தொழிலாளர் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைமடுவத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கேதான் இருக்கிறோம். இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள். நாத்தனார் மட்டும் வரவில்லை. தேங்காய் உடைத்தாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்கிறாள்.

நேற்று அவள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு சாத்த முடியவில்லையாம். ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்று சிரிக்கிறாள். மழைதான் இல்லையே. சுவர் நகர்ந்து நிலையே சாய்ந்திருக்குமோ என்று எனக்குப் பயம்.

நான் எழுதியதில் எது சரி, எது பிழை என்று எனக்குத் தெரியாது. மண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது வந்து அந்தச் சுவரையும் கானையும் பார்த்துச் சொல்லுங்கள். வந்தால் முதலில் நாத்தனார் அறைக்குப் போங்கள்.