அடுப்புக்கு மேலே தொங்கிய கூடு

கந்தப்பளைக் குளிரில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தால் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வராது. மகள் ஆசைப்பட்டாளே என்று ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கப் போனபோதும் அந்த அடுப்புதான் நினைவில் இருந்தது. கடைக்காரர் அகலமான கூடு ஒன்றைக் காட்டி, "பறக்க இதுதாங்க வசதி" என்றார். நான் ஒடுக்கமான கூட்டை வாங்கினேன். அதுதான் அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கும் பரணுக்குப் பக்கத்தில் அடங்கும். குளிராமல் இருக்கட்டும் என்று அங்கேயே தொங்கவிட்டேன்.

பத்து நாளில் ஒன்று செத்துப்போனது. மற்றது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மகளையும் கூட்டிக்கொண்டு, கூட்டோடு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கம்பியை விரலால் தடவிக் கரியைக் காட்டினார்.

"எங்கங்க வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேலதாங்க."

"அவ்வளவு புகையில அது எப்படிங்க மூச்சு விடும்?"

பக்கத்தில் நின்ற மகள் இருமினாள். மூன்று வருசமாக இருமுகிறாள். குளிர்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மிஞ்சிய குருவிக்கு அகலமான கூடு வாங்கி, சாக்கு போர்த்தி, முன்பக்கத் திறந்த தாழ்வாரமான இஸ்தோப்பில் மாட்டிவிட்டேன். அது பிழைத்துக்கொண்டது. மகளை எங்கே மாற்றுவது? எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில்தான்.