ரங்கூன் ஏரியில் விட்ட விரால்

யுத்தம் முடிந்து ரங்கூனுக்கு மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியபோது நான் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. என் அண்ணனை அழைத்துவரப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கலாம் என்று யுத்தத்துக்கு முன்னால் போனவன், குண்டு விழுந்து நம் ஜனமெல்லாம் ஓடிவந்தபோதும் வரவில்லை. செத்துவிட்டான் என்றுதான் ராயபுரத்தில் எல்லாரும் நினைத்தோம். அப்புறம் அங்கிருந்து வந்த ஒருத்தர், உயிரோடு இருக்கிறான், பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று சொன்னார்.

அம்மா அழவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கட்டிக்கினானா? சரி. நீ போய் அவன் கையைப் புடிச்சு இட்டுகினு வா. அவ வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். தொழிலை விட்டு வரமுடியாது. ரங்கூனில் கடை வைத்திருந்த எங்கள் தெரு மாமாவும் மாமியும் திரும்பிப் போனார்கள், அவர்களோடு ஏற்றிவிட்டார். கடலைப் பார்த்தபடியே வளர்ந்தவள் நான், ஆனால் எங்களில் பொம்பளைகள் படகில் கால் வைப்பதில்லை. கப்பல் ஆடியதும் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. "மீன்காரி வூட்டுப் பொண்ணுக்கே இந்த கதியா?" என்று மாமி வழியெல்லாம் சிரித்தாள். அவள் வாயை அடைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இறங்கினால் பாதி ஊர் இடிந்து கிடந்தது. அதற்கு நடுவில் தங்கக் கோபுரம் ஒன்று ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. ஆம்பிளையும் லுங்கி, பொம்பளையும் லுங்கி. எங்கள் குப்பத்துக் கிழவிகள் சுருட்டு பிடிப்பார்கள், அது எனக்குப் புதுசில்லை. ஆனால் என் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள் வயசுப் பொண்ணு. தலையில் பூ, கன்னமெல்லாம் சந்தனம் மாதிரி ஏதோ மரப்பட்டை அரைத்துப் பூசியிருந்தாள், கையில் வெண்டைக்காய்க்கு மூணு மடங்கு தடிமனில் சுருட்டு. புகையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னா தங்கச்சி, நல்லா கீறியா? குந்து."

முகம் பர்மா, பேச்சு ராயபுரம். என் அண்ணன் பேச்சு அப்படியே அவள் வாயில் இருந்தது. அவன் பின்னாலிருந்து, வயசான பிறகும் மாறாத அதே இளிப்போடு, "நான்தான் கத்துக் குடுத்தேன்" என்றான்.

அங்கே இருந்த நாளெல்லாம் எனக்குத் திகைப்புதான். அவர்கள் வைத்திருந்த துணிக்கடையில் கல்லாவில் அண்ணி உட்காருவாள், அவளுக்குச் சோறு எடுத்துப் போவான் அண்ணன். காலையில் பலகாரம் என்று வைத்தாளே, அதைப் பார்த்துத்தான் பயந்தேன். இடியாப்பம் மாதிரி ஒன்று, அதன்மேல் மீன் குழம்பு, குழம்புக்குள்ளே வாழைத்தண்டு. வாழைத்தண்டை மீனோடு போடுவார்களா? மீனை உப்பில் ஊறப்போட்டு அழுகவைத்த விழுது ஒன்று, அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மீன் நாற்றத்திலேயே பிறந்த எனக்கே மூக்கு எரிந்தது. அண்ணன் விரலை நக்கிக்கொண்டு தின்றான்.

"அம்மா உன்னை இட்டுகினு வரச் சொல்லுச்சு" என்று தினமும் சொல்வேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நம்ம கைக் குழம்பு ஒரு வாய் உள்ளே போனால் கப்பல் ஏறிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை.

சித்திரை நெருங்கியது. அவர்களுக்கும் அப்போதுதான் வருஷம் பிறக்கிறது. தெருவில் போகிற யார்மேலும் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்தன் என் தலையில் ஊற்றிவிட்டுச் சிரித்தான். அடிக்கக் கை ஓங்கினேன், அதற்கும் சிரித்தான்.

வருஷம் பிறப்பதற்கு முதல் நாள் காலையில் பின்கட்டுக்குப் போனேன். பெரிய மண்பானையில் உயிரோடு விரால்கள் நெளிந்துகொண்டிருந்தன. நான் கடல் மீன்காரி, ஏரி மீனை மதிக்கிறவள் இல்லை. புழல் பக்கத்திலிருந்து வருகிற விராலையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இவை ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கறுப்பு மின்னியது. அண்ணி கடைக்குப் போயிருந்தாள். நாத்தனார் வந்திருக்கிறாளே என்று விருந்துக்கு வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். உயிர் மீன் வீட்டுக்கு வந்தால் வேறென்ன நினைப்பேன்? சாம்பலைப் போட்டுப் பிடித்தேன், கல்லில் உரசினேன், மாமி கடையில் புளி வாங்கிவந்து நம்ம ஊர்க் குழம்பு வைத்தேன்.

அண்ணி வந்து பானையைப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தாள்.

"எல்லாத்தியும் கொன்னுட்டியா?"

மெச்சுகிறாள் என்றே நினைத்தேன். "ஒண்ணு மிச்சம் வெக்கல அண்ணி. தலைகூட கொழம்புல கீது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அண்ணன் வாசலிலேயே மோந்துகொண்டு வந்தான். "அடேங்கப்பா, அம்மா கொழம்பு" என்று சிரித்தபடி வந்தவன், காலிப் பானையைப் பார்த்து நின்றான்.

"அது துன்றதுக்கு வாங்குனது இல்லம்மா" என்றான். "ஏரில வுடறதுக்கு."

"துட்டு குடுத்து வாங்கி ஏரில வுடுவாங்களா? கடல்ல வலை போட்டவன் புள்ள நீ."

அவன்தான் சொன்னான். குண்டு விழுந்தபோது கிடங்கு இடிந்து அவன் அடியில் மாட்டிக்கொண்டான். பிழைத்தால் வருஷா வருஷம் மீனுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று இவள் வேண்டிக்கொண்டாள். ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் ஒரு பானை மீன், அவன் உயிருக்கு.

நான் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு விடைத்தது, எச்சில் விழுங்கினான். கை போகவில்லை. "நீ துன்னு தங்கச்சி, கஷ்டப்பட்டு ஆக்கினே" என்று அண்ணிதான் என் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் தின்றேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் வேறு மீன் வாங்கிவந்தான். ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். பானை பானையாய், குடம் குடமாய், ஊரே மீனைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தது. காசிமேட்டில் ஒரு பொழுது சந்தைக்கு ஆகும். அண்ணி ஒரு விராலை என் கையில் கொடுத்து, "நீ வுடு" என்றாள். விரல் செவுளை இறுக்கிக்கொண்டது, பிரிக்க முடியவில்லை. பிடித்த மீனை நழுவவிடுகிற கை இல்லை அது. அண்ணன்தான் என் விரலை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, மீனைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, தண்ணீரில் இறக்கி, அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டான். பக்கத்தில் அவளும் கும்பிட்டாள்.

அதற்குமேல் நான் அவனைக் கூப்பிடவில்லை. அடுத்த கப்பலில் மாமியின் உறவுக்காரர்களோடு திரும்பினேன்.

அம்மா துறைமுகத்துக்கே வந்திருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி அவன்?"

"வரமாட்டாம்மா."

"மயக்கிட்டாளா?"

"வருஷா வருஷம் மீன் வாங்கி ஏரில வுடறா. அவன் உசுருக்காக."

"உசுரோட கீற மீனையா?"

"உசுரோடதான்."

"இன்னா மீனு?"

"விராலு."

"எம்மாம் பெருசு கீது?"

கையை விரித்துக் காட்டினேன். அம்மா என் இரண்டு கைக்கும் நடுவில் இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் மீன் விற்றவள், அது என்ன விலை போகும் என்று அவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"அத்தப் போயி தண்ணில வுடறாளா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரி, அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள்.