கொலம்பஸ் ஏறிய சித்தப்பா

அடுத்தவர் அலறுவதற்குச் சிரித்த முகத்தோடு பட்டன் அமுக்கிக் கொடுப்பதுதான் தீம் பார்க் வேலை. எம்.ஏ. முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில், சென்னைக்கு வெளியே ஒரு பார்க்கில் இரண்டு மாதம் அதைச் செய்தேன். எனக்குக் கொடுத்த ரைடு கொலம்பஸ். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற பெரிய கப்பல். ஆட்களை உட்கார வைப்பது, அவர்கள் மடிமேல் இரும்பு லாக்கை இறக்குவது, பட்டன் அமுக்குவது, இறங்கிப் போனவர்கள் விட்டுப்போன செருப்பைத் தேடிக் கொடுப்பது என்று நான்கு வேலை. பொதுஜனத்தின் முன்னால் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஆம்பளை ஆபரேட்டர்

முதல் வாரமே ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கப்பலைப் பார்த்தார், பட்டன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை ஓட்ட ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டனுக்கு அமுக்குகிற விரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று தெரியுமா, வீட்டில் கேஸ் அடுப்பை யார் பற்ற வைக்கிறார்கள், அது இதைவிட ஆபத்து இல்லையா என்று வரிசையாகக் கேட்டேன். பின்னால் முப்பது பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து லாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்: "நல்லாத்தான் பேசுது. பேச்சுல இருக்கிற கவனம் பட்டன்லயும் இருக்கணுமே."

பொன்னேரியில் விட்ட கை

சித்தப்பா ஏழுமலை என் நைனாவின் தம்பி. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில், அலை படகைத் தூக்கி நிறுத்துகிற இடத்தில், பீடியை அணைக்காமல் தாண்டிப் போகிறவர் என்று பெயர். அவருக்கு யமுனா ஒரே மகள், ஏழு வயது. போன வருஷம் பொன்னேரிப் பொருட்காட்சிக்கு அவளைக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சின்ன கொலம்பஸ். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். இடுப்புக்கு மேல் கம்பி இறங்கப் போன நேரத்தில் சித்தப்பா துள்ளி வெளியே குதித்துவிட்டார். கம்பி யமுனாவின் மேல் மட்டும் விழுந்தது, கப்பல் கிளம்பிவிட்டது. அவள் தனியாக ஆடி, தனியாக அழுது, தனியாக இறங்கினாள். திரும்பும் பஸ்ஸில் அப்பாவோடு பேசவில்லை. கரையில் படகு தள்ளுகிறவர்களுக்கு அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குச் சிரிப்பு. கடலுக்குப் போகிறவன் பொம்மைக் கப்பலைக் கண்டு ஓடுகிறான் என்று.

எங்கள் பார்க்கில் சீசன் முடிவில் ஒருநாள் ஊழியர் குடும்பங்களைக் கூட்டி வரலாம். நான்கடிக்குக் குறைந்த பிள்ளைகள் ஏற வேண்டுமானால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். சித்திக்கு ஏழாம் மாதம், கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. நான் உட்காரலாம், ஆனால் யமுனா கேட்டது என்னை இல்லை. எங்கள் வருங்கால வாடிக்கையாளர் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது: "பாப்பா பொறந்துட்டா நைனா அதத்தான் தூக்கிக்கினு இருக்கும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ என்கூட ஒக்காரச் சொல்லுக்கா."

ஈர மணலில் ஊசல்

வந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். பழவேற்காட்டில் இறங்கும்போது, டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வந்த ஒரு கூட்டம் வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களைப் பார்த்து இவ்வளவு சிரிப்பவர்கள் இருக்கும்போது, உயிரோடு இருக்கிறவர் ஒரு ஊஞ்சலுக்குப் பயப்படலாமா என்று என் முதல் வாதத்தை அங்கேயே தயார் செய்துகொண்டேன்.

சித்தப்பா ஏரிக்கரையில் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார். ஈர மணலில் ஊசல் படம் போட்டு, அது எந்த உயரத்துக்கு மேல் போக முடியாது என்று காட்டினேன். (நான் படிப்பது அரசியல், இயற்பியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவள். வாதம் என்று வந்தபின் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா?) முகத்துவாரத்து அலையைவிட அந்தக் கப்பல் பெரிதா என்றேன், இல்லை என்றார். மீஞ்சூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவதைவிட ஆபத்தா என்றேன், இல்லை என்றார். அப்புறம் என்ன என்றேன். ஒத்துக்கொள்கிற ஆளோடு எப்படி வாதாடுவது? கையிலிருந்த பாசியை உதறிவிட்டு அவர் சொன்னார்: "நீ சொல்றது அத்தினியும் சரிம்மா. இந்த ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது. நீ அதுகிட்ட பேசு."

வெறும் கப்பல்

ஒருநாள் காலை அம்மா கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்போடு சித்தப்பா பார்க் வாசலில் நின்றார். பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். அதற்குமுன் எல்லா ரைடையும் ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்போம். மெக்கானிக் ஜோசப் அண்ணனிடம் கேட்டு அவரை உள்ளே அழைத்துப் போனேன். உயரத்தைப் பார்த்து மிரள்வார் என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. நேராக சீட்டுக்குப் போய் லாக்கைத் தொட்டார். பூட்டியதும் இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் சொன்னார். படகில் எவரும் உடம்பில் கயிறு கட்டிக்கொள்வதில்லை; படகு கவிழ்ந்தால் ஆள் தனியாக மேலே வர வேண்டும். இவருக்குப் பதினேழு வயதில் முகத்துவாரத்தில் படகு புரண்டு, வலைக்கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. படகுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறார். யாரோ முங்கி வந்து கயிற்றை அறுத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொன்னார். நான் ஊசல் படம் போட்ட மணலை நினைத்துக்கொண்டேன். மணலிலும் போனிலுமாக மூன்று வாரம் ஆட்டத்தையும் உயரத்தையும் பற்றியே வாதாடியிருக்கிறேன். அவர் பயந்தது அது இரண்டுக்கும் இல்லை.

ஜோசப் அண்ணன் கப்பலுக்குப் பின்னால் போய், சீட்டுக்கு அடியில் இருக்கும் மிதிகட்டையைக் காட்டினார். கரன்ட் போனாலும் அதை மிதித்தால் லாக் திறந்துகொள்ளும். ஐந்து முறை மிதித்துக் காட்டச் சொன்னார் சித்தப்பா. ஆறாவது முறை தானே மிதித்தார். பிறகு, சரி, நீ ஏறு, நான் பார்க்கிறேன் என்றார் என்னிடம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் அந்தக் கப்பலில் ஒருதரம்கூட ஏறியதில்லை என்று ஜோசப் அண்ணன் போட்டுக் கொடுத்தார். வேறு வழி இல்லாமல் ஏறினேன். இரண்டு நிமிஷமும் கண்ணைத் திறக்கவில்லை. லாக் திறந்த பிறகும் உடம்பு என் பேச்சைக் கேட்டு எழுந்திருக்கவில்லை. சித்தப்பா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்: "லாக் நல்லாத்தான் கீது. நீதான் நல்லால்ல."

வேண்டாத லீவு

போகும்போது ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனார்: அன்றைக்குப் பட்டனில் நான்தான் இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். குடும்ப நாளன்று குடும்பத்தைக் கூட்டி வரும் ஊழியர்களுக்கு வேலை கிடையாது, கூடவே சுற்றிக் காட்ட லீவு. நான் சூப்பர்வைசரிடம் போய் எனக்கு லீவு வேண்டாம் என்றேன். விதி என்றார். விதி ஊழியரின் நன்மைக்கா, ஊழியர் விதியின் நன்மைக்கா என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரம். நடுவில் சர்வதேசத் தொழிலாளர் இயக்கம் வரைக்கும் போய்விட்டேன். அது எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்று போராடிய இயக்கம் என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவர் பதிவேட்டில் என் பெயரை கொலம்பஸுக்கு எதிரே எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்: "இருபது வருஷத்துல, லீவு குடுத்ததுக்குச் சண்டை போட்ட மொத ஆளு நீதாம்மா."

பாரம்

குடும்ப நாளன்று சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். யமுனா அவர் சுண்டுவிரலை விடவே இல்லை. சித்தி பையோடு நிழலில் உட்கார்ந்துகொண்டார். கப்பலில் ஏறியதும் சித்தப்பா உட்காரவில்லை, சுற்றிப் பார்த்தார். பின்வரிசையில் கேன்டீன்காரர்கள் நாலு பேர், நல்ல கனத்த ஆட்கள், சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பாரம் அதிகம், இரண்டு பேர் முன்னால் வாருங்கள் என்றார். கப்பல் இரும்புத் தூணில் தொங்குகிறது, கவிழாது என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். படகில் ஏறியதும் முதலில் பாரம் பார்க்கிறவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் சொன்ன தோரணையில் அந்த ஆட்களும் எழுந்து மாறி உட்கார்ந்தார்கள்.

சித்தப்பா மடிமேல் லாக்கை நானே இறக்கினேன். கண்ணை மூடினார், திறந்தார். குதிக்கவில்லை. பட்டன் பக்கம் திரும்பினால், என்னைச் சாப்பிட அனுப்ப மாற்று ஆபரேட்டர் வந்து நிற்கிறான். கப்பலிலிருந்து ஒரு குரல், நாற்பது பேருக்கும் கேட்கும்படி: "தம்பி, நீ தள்ளிக்கோ. அந்தப் பொண்ணு அமுக்கினாத்தான் நான் இதுல ஒக்காந்திருப்பேன்."

முதல் வாரத்து ஆள் அங்கே இல்லையே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம். அமுக்கினேன். கப்பல் இந்தப் பக்கம் ஏறும்போது மற்றவர்கள் அலறிக்கொண்டு சாய்ந்தார்கள். சித்தப்பா மட்டும், அலையில் படகைச் சமன் செய்வது போல, எதிர்ப்பக்கம் சாய்ந்தார். ஒட்டிக்கொண்டு யமுனாவும் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். இரண்டு நிமிஷமும் அவர் வானத்தையோ தரையையோ பார்க்கவில்லை. என் கையையே பார்த்தார். ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிடலாமா என்று விரல் துடித்தது. முழுசாக ஓட்டினேன்.

லாக் திறந்தது. எல்லோரும் இறங்கியும் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். திறந்துவிட்டது சித்தப்பா, இறங்கலாம் என்றேன். தெரியும், யமுனாதான் பயத்தில் என் கையை விடவில்லை என்றார். குனிந்து பார்த்தேன். அவருடைய பெரிய கைதான் அவள் விரல்களைச் சுற்றி மூடியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் யமுனா என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்: "நான்தான் பயந்துட்டேன்னு நைனா ஊர்ல போய்ச் சொல்லும். சொல்லட்டும்க்கா. நீ வாதாடாத."

ஆக, இரண்டு மாதம் வாதாடி நான் ஒருவரையும் எதையும் நம்ப வைக்கவில்லை, பட்டனில் ஒழுங்காகக் கை வைத்திருந்தேன். சம்பளமும் அதற்கு மட்டும்தான் கொடுத்தார்கள்.