குழாயடியில் கழுவிய கறி

என் மாமனார் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் சமைத்து வைக்கும் கறித்துண்டுகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய், மசாலா போகக் கழுவிவிட்டுத் தின்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மாமா, என் சமையல் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க. இப்படிக் கழுவிக் கழுவி என் மானத்தை வாங்காதீங்க,” என்று ஒருநாள் விருந்தாளிகள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, “சரிம்மா,” என்றார். அன்றிலிருந்து வெறும் சோறுதான்.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. பல மருத்துவமனைகளிலிருந்து சதைத்துணுக்குகள் வரும். வாயின் உள்தோலில் அழற்சி நாள்பட்டுப்போனால், சதையைக் கரைக்கும் நொதிகள் சுரந்து, தோலைத் தாங்கும் படலத்தையே அரித்துவிடும். அந்த நொதி இருக்குமிடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றுவேன். கண்ணாடித் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும்.

போன வாரம் வந்த ஒரு தகட்டில் படலம் முழுக்கப் பழுப்பாக இருந்தது.

“பாவம், டாக்டர், உப்பு பட்டாலே எரியுமே, இந்த ஆளு எப்படித்தான் சாப்பிடறாரோ? வீட்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று எங்கள் ஆய்வுக்கூட டாக்டரிடம் சொல்லிக்கொண்டே, எண்ணைச் சரிபார்க்க மருத்துவமனை அனுப்பிய படிவத்தை எடுத்தேன்.

மாமனாரின் பெயர். எங்கள் வீட்டு முகவரி. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தனியாகப் போய் வாயில் சதை வெட்டக் கொடுத்திருக்கிறார். உணவு பற்றிய கேள்விக்கு நேரே, அவர் சொன்னதை யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள்:

“மருமக சமையல்ல ஒரு குறையும் இல்ல. என் வாய்தான் சரியில்ல.”