மூன்றாவது முடிச்சுக்காரி

ஒருத்தியைப் பழிவாங்கத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். நாற்பத்தெட்டுப் பக்கம், சிறுவர்களுக்கான மாயக்கதை. குழந்தைகளின் கற்பனையை வளர்க்க என்று முன்னுரையில் எழுதியதெல்லாம் சும்மா.

அவள் என் கணவரின் அக்கா. கல்யாணத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது எங்கள் பக்க வழக்கம். அந்த ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு என் ஆயுளுக்கும் அதிகாரம் எடுத்துக்கொண்டாள். புதுக்கோட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டு என் செல்லுக்குப் போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எடுத்தவள் அவள். "எனக்கு வேலைக்கு வர இஷ்டமில்லைங்க" என்று நானே பேசுவதுபோல் சொல்லி வைத்துவிட்டாள். விஷயம் தெரிந்து சண்டைக்குப் போனால், "மூணாவது முடிச்சு நான் போட்டது. ஒனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் எரிந்தது.

கதையில் அவளை முடிச்சுக்காரி ஆக்கினேன். கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் குடியிருக்கும் சூனியக்காரி. பிள்ளைகளின் குரல்களை நூலில் முடிந்து வைத்துக்கொண்டு, அவர்கள் குரலிலேயே பதில் சொல்வாள். மூக்கோரத்து மச்சம், வாய்க்கு வாய் "எனக்குத் தெரியாதா?", எதையும் விடவில்லை. பத்து வயசுப் பெண்ணொருத்தி மடை வழியாக நீந்திப் போய் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். கடைசியில் முடிச்சுக்காரி வாயடைத்துச் சேற்றில் கிடப்பாள். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அரிமளத்தில் அவள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பிள்ளைகளுக்கான தாம்பூலப் பைகளில் ஆளுக்கொரு புத்தகம் போட்டேன். சொந்தபந்தம் மொத்தமும் வந்திருந்தது. நன்றாக நாறட்டும் என்று பந்தியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் படித்தார்கள். அவள் மூக்கைப் பார்த்தார்கள். "அய்யய்யோ, முடிச்சுக்காரி!" என்று கத்தினார்கள். அவள் ஒரு புத்தகத்தைப் பிடுங்கி, நின்றபடியே கடைசிவரை படித்தாள். முகம் சுண்டும் என்று காத்திருந்தேன். அடிப்பாவி, சிரித்தாள்! "ஆமாடா, நாந்தான்" என்று விரலை மடக்கிப் பயமுறுத்தினாள். பிள்ளைகள் பேனாவோடு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுதிய புத்தகத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு குட்டிப் பெண் மட்டும், "ஏன் பெரியம்மா, ஒங்கள இவ்வளவு கெட்டவங்களா எழுதிருக்காங்க?" என்று கேட்டாள்.

அவள் பேனாவை மூடினாள். "அவளுக்கு வந்த வேலைய நாந்தான் கெடுத்தேன் ஆத்தா. அவளக் கேக்காம கொள்ளாம கெடுத்தேன். தப்பு எம்மேலதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அதைப் போய் ஏழு வயசுப் பிள்ளையிடம் சொல்கிறாள். பிறகு வாளியோடு என் பக்கம் வந்து குனிந்தாள்.

"பாயசம் ஊத்தவா?"

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.