டெல்லிக்கு அனுப்பிய ஒற்றை வாக்கியம்

1948 ஜூலை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. அன்று காலை நான் ஒரு தவறு செய்தேன்.

அரசியல் சட்டத்தின் வரைவை அந்த ஆண்டு பிப்ரவரியில் டெல்லியில் வெளியிட்டு, மக்கள் கருத்து எழுதலாம் என்றிருந்தார்கள். தென்காசியில் அதை முழுதாகப் படித்தவர்கள், நான் அறிந்து, இரண்டு பேர். ஒருவர் எங்கள் வக்கீல் அண்ணாச்சி. மற்றவன் நான், பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே ‘ஆனால்’ போடும் பத்திரத்தை நான் எழுதியதில்லை. அந்த வரைவிலோ பக்கத்துக்குப் பக்கம் ‘ஆனால்’.

நாங்கள் அனுப்பவிருந்த மனுவில் ஒரு வாக்கியம்தான் முக்கியம்: விசாரணை இல்லாமல் எவரையும் சிறையில் வைக்கக் கூடாது. அதை எழுதச் சொல்லிக் கேட்டவர் இலஞ்சியில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவருடைய கணவர் பீடித் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

வக்கீல் சாரலுக்காகக் குற்றாலத்தில் வீடு எடுத்திருந்தார். அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத உடம்போடு உட்கார்ந்து மனுவைப் படித்தார்.

“வே, இப்படி மொட்டையா எழுதினா எவன் கையெழுத்துப் போடுவான்? ‘பாதுகாப்புக்கு அவசியமென்று அரசு கருதினாலொழிய’ன்னு ஒரு வரி சேத்துக்கிடும். நான் போடுதேன். எங்கூட சீட்டாடுத பத்துப் பேரும் போடுவாங்க.”

எனக்கு அது சரியாகவே பட்டது. விற்பவனும் வாங்குபவனும் முறைத்துக்கொண்டு வந்தால், இருவருக்கும் ஒத்துவரும் ஒரு வரியைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்? சேர்த்து எழுதினேன். டீச்சர் குடையோடு வந்து சேர்ந்தபோது மை காய்ந்திருந்தது.

அவர் நின்றபடியே படித்தார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரை என்ன சொல்லிப் பிடிச்சாங்க?”

“பாதுகாப்புக்கு அவசியம்னு...” வக்கீல் இழுத்தார்.

“அப்பம் அவரைப் பிடிச்சது சரின்னு நானே எழுதிக் கொடுக்கவா?”

“கோவப்படாதீங்க டீச்சர். டெல்லியிலயும் இப்படித்தான் விட்டுக்கொடுத்து எழுதுதாங்க. நாமளும் கொஞ்சம்...”

“நாமன்னா யாரு? உங்களுக்குச் சீட்டாட்டம், குளியலு. எனக்கும் படுக்க வீடு இருக்கு. உள்ள கெடக்கது அவரு. அவரைக் கேட்டா விட்டுக்கொடுத்தீய?” என் பக்கம் திரும்பினார். “நீங்களுமா எழுதினீய?”

வக்கீல் சிரித்துச் சமாளித்தார். “அந்த வரி இல்லன்னா நாங்க போட மாட்டோம். ரெண்டு கையெழுத்து மனுவை அங்கன முறுக்குப் பொட்டலம் கட்டத்தான் எடுப்பான்.”

“கட்டட்டும். பொட்டலம் வாங்குதவன் படிப்பாம்லா?”

மறுநாள் தென்காசியில், அந்த வரி இல்லாமல் புதிதாக எழுதினேன். இரண்டே கையெழுத்து: டீச்சருடையது, என்னுடையது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொண்டேன். பதில் வரவில்லை. வக்கீலின் சீட்டாட்டக் கூட்டம் பத்திரம் எழுத என்னிடம் வருவதை நிறுத்தியது. நிறுத்தட்டும் என்றிருந்தேன்.

1949 செப்டம்பர் நடுவில் டெல்லி முடிவு செய்துவிட்டது. மூன்று மாதம் வரை விசாரணை இல்லாமல் வைக்கலாம். அதற்கு மேல் வைக்க ஒரு குழு சம்மதிக்க வேண்டும். இது சமரசம் என்றார்கள். யாரோடு? உள்ளே கிடந்த ஒருவரையாவது கேட்டதாக நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் டீச்சரின் கணவரை விட்டார்கள். பதினேழு மாதம். வந்த மறுநாளே இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கணவர் மனுவின் பிரதியைக் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினார்.

“இது போன வருஷத்து மனு. அங்கன எல்லாம் முடிஞ்சு போச்சே,” என்றேன்.

“அவங்களுக்கு முடிஞ்சிருக்கும்.”

எங்கள் பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் எழுதினார்.

“இப்பம் மூணு,” என்றார் டீச்சர். “திரும்ப அனுப்புங்க.”

அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பினேன்.