ஐஸ் உருகியும் வழியாத கிளாஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். அரியாலையில், கடல்நீரேரிப் பக்கமாக இருக்கும் எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் பொதுக்கூட்டம் கூடியது. மின்விசிறிகள் சுற்றினாலும் காற்று வரவில்லை. நான் அந்த ஊர் முன்பள்ளி ரீச்சர். முன்பள்ளிக்குப் புதுக் கட்டடத்தை எந்தக் காணியில் கட்டுவது என்று அன்றைக்கு முடிவெடுக்க வேண்டும்.

கட்டுவதற்குக் காசு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். காணிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று கரையோடு ஒட்டிய காணி. எங்கள் ஊரில் மீனும் நண்டும் வாங்கி விற்கும் ஒரு முதலாளி, காலமாகிப்போன தன் அப்பாவின் நினைவாக அதைச் சும்மா தர முன்வந்திருந்தார். வேலி அடைத்து, கேற்றும் போட்ட காணி. கட்டட வாசலில் அப்பாவின் பெயர் பொறித்த கல் ஒன்று பதித்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். மற்றக் காணி பெரிய வீதிப் பக்கம், கொஞ்சம் மேட்டில் இருந்தது. கொடிகாமத்தில் குடியிருக்கும் ஒரு அம்மாவுக்குச் சொந்தம். அவவும் தரச் சம்மதம்தான். ஆனால் சின்னக் காணி, முழுக்கப் பற்றைக்காடு. கரைப்பக்கத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கன தூரம் நடக்கவும் வேண்டும்.

எனக்கு மேட்டுக் காணிதான் வேண்டும் என்று பிடிவாதம். மாரியில் அந்தக் கரைக் காணியில் தண்ணீர் ஏறி நிற்பதை வருடாவருடம் பார்க்கிறவள் நான். சின்னப் பிள்ளைகளைத் தரையில் பாய் விரித்து இருத்திப் படிப்பிக்கிறவளுக்குத்தான் ஈரத்தின் கஷ்டம் தெரியும். அதைச் சொன்னபோது, மண் கொட்டி உயர்த்தலாம் என்றார்கள். நான் விடவில்லை. கட்டடம் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்க வேண்டியது, துருவத்தில் ஐஸ் உருகுகிறது, கடல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது, இன்றைக்கே தண்ணீர் நிற்கிற இடத்தில் நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன்.

ஐஸ் என்றதுதான் தாமதம், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு இளைஞர் போனைத் தூக்கிக் காட்டி, பெரிய பெரிய நாட்டுத் தலைவர்மாரே இது பொய் என்கிறார்கள், ரீச்சர் மட்டும் நம்புகிறா என்றார். எங்கள் கிணறுகள் உவராகப் போனது கடலால் இல்லை, எல்லாரும் மோட்டர் போட்டு உறிஞ்சுவதால்தான் என்று ஒருவர் எழும்பினார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டாலும்தான் என்று இன்னொருவர் அவரோடு கொழுவினார். நண்டுக் கூடு வைக்கிற ஒருவர், முந்திக் காய்ந்து கிடந்த சேற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அது காற்று மாறுவதால் என்றார்.

அப்போதுதான் முதலாளி எழும்பினார். நல்ல வாய்க்காரர். சந்தையில் அவரோடு விலை பேசி வென்றவர்கள் இல்லை. கூட்டத்தில் எல்லாரும் குடிக்க நெல்லி கிறஷ் சர்பத் கரைப்பதற்கென்று அவர்தான் தன் மீன் ஏற்றும் வான் வண்டியில் ஐஸ் கொண்டுவந்திருந்தார். ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளைப் போட்டு, விளிம்பு முட்ட நிரப்பி மேசைக்கு நடுவில் வைத்தார்.

"இதுதான் ரீச்சற்றை கடல். இதுதான் ரீச்சற்றை ஐஸ். உருகட்டும். ஒரு துளி வெளியாலை வழிஞ்சால் நான் காணியைத் தரமாட்டன்."

அதற்குப் பிறகு யார் என்ன கதைத்தாலும் எல்லாருடைய கண்ணும் கிளாசில்தான். ஐஸ் கரைந்து கரைந்து கடைசித் துண்டும் காணாமல் போனது. தண்ணீர் விளிம்போடு அப்படியே நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மேசை நனைஞ்சிருக்குதே" என்றேன்.

"அது கிளாசுக்கு வேர்த்தது ரீச்சர். உங்களுக்கும்தான் வேர்க்குது."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் முன்பள்ளித் தாய்மாரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அவர் காட்டியதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று மனம் சொன்னது. எங்கே என்று பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கை உயர்த்தச் சொன்னார்கள். கரைக் காணிக்குக் கைகள் காடு மாதிரி எழும்பின.

வீட்டுக்குப் போய் நான் சமைத்த கறியில் உப்புக் கூடிவிட்டது என்று கணவர் சொன்னார். அவரோடும் சண்டை பிடித்தேன்.

அடுத்த கூட்டம் அத்திவாரக் கல் வைக்க நாள் குறிப்பதற்காக. போகாமல் விடுவோம் என்றுதான் நினைத்தேன். ரீச்சருக்கு ரோசம் என்று கதைப்பார்களே என்று போனேன். முன் வரிசையில் முதலாளியின் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து இருந்தா. புருஷனின் பெயர் கல்லில் வரப்போகிறது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது என் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

நல்ல நாள் பார்த்துச் சொல்ல நிலையத் தலைவர் வாயெடுக்க, முதலாளி ஒரு பையோடு முன்னால் வந்தார். பைக்குள் இருந்து கிளாசை எடுத்தார். பின்னால் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. இந்த மனிதர் வென்றது காணாது என்று திரும்பவும் என்னை நக்கலடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, எழும்பிப் போகச் செருப்பைக்கூடக் காலால் தேடினேன்.

அவர் கிளாசை விளிம்பு முட்டத் தண்ணீரால் நிரப்பினார். பிறகு பைக்குள் இருந்து ஒரு இடியப்பத் தட்டை எடுத்துக் கிளாசின் வாயில் வைத்தார். அதன்மேல் ஐஸ் துண்டுகளை அடுக்கினார்.

"அண்டைக்கு ஐசைத் தண்ணிக்குள்ளை போட்டுக் காட்டினனான். இண்டைக்குத் தண்ணிக்கு மேலை வைச்சிருக்கிறன். பாருங்கோ."

வெளியே நெருப்பு வெயில். கன நேரம் எடுக்கவில்லை. தட்டின் கண்களுக்குள்ளால் துளி துளியாக இறங்கியது. முதலில் கிளாசின் விளிம்பில் தண்ணீர் மேடு கட்டியது. பிறகு உடைந்து வழிந்தது. மேசை விரிப்பு நனைந்து, செயலாளர் தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தண்ணியிலை மிதக்கிற ஐஸ் எண்டால் நான் அண்டைக்குச் சொன்னது சரி. ஆனால் தென் துருவத்திலை ஐஸ் கிடக்கிறது தரைக்கு மேலையாம். அது உருகினால் இப்பிடித்தான் வழியும். எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் உங்களுக்குப் படம் காட்டினனான். நீங்கள் கை உயர்த்தினது என்ரை கிளாசைப் பாத்து. அது பிழையெண்டால் அந்த முடிவும் செல்லாது. திரும்பக் கேளுங்கோ தலைவர்."

எல்லாம் முடிந்த கதையை ஏன் கிளறுகிறாய் என்று முதலாளியின் சொந்தக்காரர் ஒருவரே சத்தம் போட்டார். "அப்ப அப்பாவின்ரை பேர்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அதை நான் வீட்டிலை கதைச்சுக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்து மேசையைத் துடைத்தார்.

அவருடைய அம்மா எழும்பி, ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனா. அவர் அதைக் கண்டார். துடைப்பதை நிறுத்தவில்லை.

திரும்பவும் வாதம் நடந்தது. ஐஸ் தரையில் கிடந்தால் என்ன, தண்ணீரில் கிடந்தால் என்ன, எல்லாம் கதைதான் என்று அந்தப் போன்காரர் கடைசிவரை நின்றார். தூரம் நடக்க வேண்டுமே என்ற தாய்மாரின் கவலைக்கு, கரைப்பக்கத்து ஓட்டோக்காரர்கள் இருவர் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டுவருவதாக ஒத்துக்கொண்டார்கள். கை உயர்த்தியபோது மேட்டுக் காணி வென்றது. மயிரிழையில்தான்.

வெளியே முதலாளி தன் வான் வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றார். நன்றி சொல்லப் போனேன். வாயில் வந்தது வேறு. "ஏன் அண்ணை? ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லையே" என்றேன்.

"அதுதான் ரீச்சர் கரைச்சல். மீன் வைக்கிற வாடியிலை, தண்ணி நிரம்பின வாளிக்கு மேலை பலகை போட்டு ஐஸ்கட்டி வைச்சிருந்தன். திரும்பிப் பாக்க நிலமெல்லாம் வெள்ளம். அப்பதான் பொறி தட்டினது. பிறகு போனிலை தேடிப் பாத்தன். அண்டைக்கு நீங்கள் என்னோடை சண்டை பிடிச்சிருந்தால் நானும் விட்டிருக்கமாட்டன். இதையும் மறைச்சிருப்பன். நீங்கள் பேசாமல் இருந்திட்டியள். பிழையை நானே வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளேலாமல் கிடந்தது."

"அம்மா?"

"கோவம்தான். அவவுக்கும் அந்த வாளியைத்தான் காட்டவேணும்" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

அவருடைய அம்மா கன நாட்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். கட்டடத் திறப்புவிழாவில் காணி தந்த கொடிகாமத்து அம்மாவுக்கு மாலை போட்டார்கள். காசு அனுப்பியவர்களின் பெயர்களை வாசித்தார்கள். முதலாளியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவர் மீன் வாசத்தோடு பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று கிறஷ் குடித்துவிட்டுப் போனார்.

கரைக் காணிக்குள் இன்னும் கடல் வரவில்லை. வராமலே விட்டால் எனக்குச் சந்தோஷம்தான். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் இன்றைக்கும் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது. சலூனில், பஸ்ஸில், செத்த வீட்டில்கூட இந்தக் கதை வரும். நானும் விடுவதில்லை, வரிந்துகட்டிக்கொண்டு நிற்பேன். தோற்றால் முன்பு போலவே கோபம் வரும், கறியில் உப்புக் கூடும். ஆனால் எப்போதாவது நான் வென்று எல்லாரும் கைதட்டிவிட்டால், அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, நான் சொன்னது சரிதானா என்று ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தை எனக்குத் தந்தவர் அந்த முதலாளிதான்.